டயரின் பூவும் பின் அச்சின் எடையும்

ஜோகூரின் சிகாமட் நகருக்கு வெளியே ஒரு செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டத்து எடைமேடையில் என் வண்டியின் பின் சக்கரங்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. முன் சக்கரங்கள் மேடையைத் தாண்டிச் செம்மண்ணில் இருந்தன. குலை ஏற்றிவரும் லாரிகளை நிறுக்கும் மேடை அது. மாமாவுக்குத் தெரிந்த தம்பி ஒருவர் அங்கே கணக்கு எழுதுகிறார். லாரி எதுவும் வராத மதியவேளை. விளையாட்டாகத்தான் வண்டியை ஏற்றிப் பார்க்கச் சொன்னார். சின்ன சன்னல் வழியே தலையை நீட்டி, "பின்னால் மட்டும் 1,390 கிலோ, அண்ணே" என்றார். பிறகு முழு வண்டியையும் ஏற்றினோம். 2,540 கிலோ காட்டியது.

வண்டிக்குள் ஐந்து பேர் இருந்தோம். டவுனில் வாங்கிய உரமூட்டைகள் நான்கு, மூட்டைக்கு 50 கிலோ. கூரைப் பெட்டியில் கூடாரம், கயிறு, மாமி கேட்டிருந்த இரண்டு பெரிய அலுமினியச் சட்டிகள். இதெல்லாம் ஒரு சுமையா என்று நினைத்திருந்தேன். வீடு திரும்பியதும் வாகனப் பதிவு விவரத்தை எடுத்துப் பார்த்தால், அனுமதிக்கப்பட்ட மொத்த எடையை நான் 150 கிலோவுக்கு மேல் தாண்டியிருக்கிறேன்.

அதற்கு முந்தைய மூன்று வாரங்களாக நான் டயர் தேடிக்கொண்டிருந்தேன். தேடியதெல்லாம் பூவை. டயரின் வரிப்பள்ளங்களை மலாய்க்காரர்கள் பூ என்றுதான் சொல்வார்கள். ஜோகூரில் வளர்ந்த என் அம்மாவும் அப்படியே சொல்வார். எனக்கும் அதுவே நாக்கில் ஒட்டிக்கொண்டது. எந்த டயரின் பூ ஆழம், எது சேற்றைக் கக்கும், எதன் தோள் முரட்டுத்தனமாக இருக்கிறது என்று படம் படமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் அச்சடித்திருக்கும் சிறிய எண்ணைப் பார்க்கத் தோன்றவே இல்லை. எடைமேடைக்குப் பிறகு தேர்வின் வரிசையே தலைகீழாகிவிட்டது. இந்தக் கட்டுரை அந்தப் புதிய வரிசைப்படி எழுதப்பட்டது.

வண்டி, மிட்சுபிஷி டெலிக்கா டி5. நான்கு சக்கரமும் இழுக்கும் டீசல் வேன். 2007இல் ஜப்பானில் அறிமுகமாகி, 2019இல் முகம் மாறிய வகை. வெறும் வண்டியே ஏறக்குறைய இரண்டு டன். தொழிற்சாலை டயர் 225/55 ஆர் 18 (அகலம் 225 மில்லிமீட்டர், பக்கவாட்டின் உயரம் அகலத்தில் 55 விழுக்காடு, ரிம் 18 அங்குலம்), சுமை எண் 98. இதன் வாழ்க்கையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு சிங்கப்பூர்த் தார்ச்சாலையும் மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும்தான். மீதி ஐந்து பங்குக்காகத்தான் இத்தனை பாடு: மாமாவின் டுரியான் தோட்டத்துக்குப் போகும் மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதை. மழை பெய்தால் அது பாதையாக இருப்பதில்லை. சிங்கப்பூருக்குள் சேற்றைப் பார்க்க வேண்டுமென்றால் கட்டுமானத் தளத்துக்குத்தான் போக வேண்டும், அங்கும் வெளியே வருமுன் சக்கரத்தைக் கழுவச் சொல்வார்கள். ஆகவே நம்மூரில் முரட்டு டயர் வாங்குகிறவர் யாராக இருந்தாலும் ஒன்று எல்லை தாண்டுகிறவர், அல்லது அழகுக்கு மாட்டுகிறவர். இரண்டாமவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவர் இதற்கு மேல் படிக்கத் தேவையில்லை.

சுமை எண் ஒரு அட்டவணை எண். 98 என்றால் ஒரு டயர் 750 கிலோ தாங்கும். 100 என்றால் 800, 102 என்றால் 850, 104 என்றால் 900, 108 என்றால் 1,000, 115 என்றால் 1,215. எண் ஒன்று கூடும்போது எடை ஏறக்குறைய மூன்று விழுக்காடு கூடுகிறது. 115/112 என்று இரண்டு எண்கள் இருந்தால் முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு. இரண்டாவது, லாரிகளின் பின்னால் இருப்பதுபோல இரட்டைச் சக்கரமாக மாட்டும்போது. நமக்கு முதல் எண் போதும்.

என் கணக்கு இப்படி: பின் அச்சில் 1,390 கிலோ, இரண்டாகப் பிரித்தால் சக்கரத்துக்கு 695. 750 தாங்கும் டயருக்கு 695 ஏற்றியிருக்கிறேன், 55 கிலோ மிச்சம் என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் எடை சரிபாதியாகப் பிரிவதில்லை. வலது பக்கக் கடைசி இருக்கையில் ஆள் இருந்ததால் மூட்டைகளை இடது பக்கம் அடுக்கியிருந்தேன். இடது பின் சக்கரத்தில் 730ஐ ஒட்டி இருந்திருக்கும். அதைவிடப் பெரிய தவறு இன்னொன்று. 750 என்ற வாக்குறுதி முழுக் காற்றில் இருக்கும்போது மட்டும்தான். சாதாரணக் கார் டயருக்கு அது சதுர அங்குலத்துக்கு 36 பவுண்டு வாக்கில். நானோ சேற்றுப் பாதைக்காகக் காற்றை 28க்கு இறக்கியிருந்தேன். காற்று குறைந்தால் தாங்கும் எடையும் குறையும். 28 பவுண்டில் அந்த டயர் தாங்குவது 610 கிலோ வாக்கில்தான். அதில் 730ஐ ஏற்றிக்கொண்டு, டவுன் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்து எடைமேடையில் நின்றிருக்கிறேன்.

காற்றுக் குறைவும் சுமையும் வேகமும் ஒன்றுசேர்ந்தால் நடப்பது இதுதான்: சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் பிதுங்கி நிமிர்கிறது, அந்த மடங்கலே வெப்பமாகிறது, வெப்பம் உள்ளிருக்கும் எஃகு வலைக்கும் ரப்பருக்கும் இடையிலுள்ள பிடியைத் தளர்த்துகிறது, ஒரு நாள் பூ முழுவதும் தோலுரிவதுபோலக் கழன்று பறக்கிறது. 2000ஆம் ஆண்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் 65 லட்சம் டயர்களைத் திரும்ப அழைத்தது. அவற்றில் பெரும்பங்கு ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் ஓடியவை. ஃபோர்டு அந்த வண்டிக்குப் பரிந்துரைத்த காற்று 26 பவுண்டு. தயாரிப்புக் குறையா, காற்றுக் குறைவா, வண்டியின் வடிவமா என்று இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டன. எனக்கு அதில் உறைத்தது வேறு. அந்த டயர்களில் ஒன்றின் பெயரிலேயே அனைத்துத் தரை டயர் என்ற பொருள்தரும் இரண்டு எழுத்துகள் இருந்தன. முரட்டுப் பெயர் வெப்பத்திலிருந்து யாரையும் காப்பாற்றவில்லை.

சிங்கப்பூரில் காக்கி புக்கிட் பக்கம் ஒரு டயர் கடைக்குப் போனேன். கடைக்கார அங்கிள் வண்டியைச் சுற்றிவந்தார், கூரைப் பெட்டியைப் பார்த்தார், கேள்வி எதுவும் கேட்காமல் பத்து ப்ளை (டயர் உடலின் வலுவைக் காட்டும் அடுக்குக் கணக்கு) டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். லைட் டிரக் வகை, எல்டி 225/75 ஆர் 16, சுமை எண் 115. ஒரு சக்கரத்துக்கு 1,215 கிலோ! என் வண்டியின் மொத்தப் பாரத்தையும் கிட்டத்தட்ட இரண்டே சக்கரத்தில் சுமக்கலாம் போலிருந்தது. உண்மையைச் சொன்னால் அந்த டயரைப் பார்த்ததும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. பூ ஒவ்வொன்றும் பலகாரத் துண்டுபோல. பக்கவாட்டிலும் பல் வைத்திருந்தார்கள்.

இந்த வகையை நான் ஏன் வாங்கவில்லை என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் இங்கேதான் வழுக்குகிறார்கள். அந்த 1,215 கிலோ, 80 பவுண்டு காற்றில் கிடைப்பது. என் வண்டியின் கதவுத் தூணில் ஒட்டியுள்ள காற்றளவில் அதை ஓட்டினால் 700 கிலோவைச் சுற்றித்தான் தாங்கும். அதாவது தொழிற்சாலை டயரைவிடக் குறைவு! கனத்த டயரை மாட்டிவிட்டுப் பழைய காற்றையே அடித்துக்கொண்டு ஓடினால், காசு கொடுத்துச் சுமை தாங்கும் திறனைக் குறைத்துக்கொண்டதாக ஆகும். சரி, 45 பவுண்டு அடித்தால்? சுமை தாங்கும், ஆனால் ஆள் இல்லாத நாளில் வண்டி குதிரைபோலத் துள்ளும், ஈரத்தில் தரையைத் தொடும் பரப்பு சுருங்கும். ஒரு டயரே நான்கைந்து கிலோ கூடுதல் கனம், அதுவும் சுழலும் கனம். டீசல் செலவிலும் பிரேக் பிடிக்கும் தூரத்திலும் தெரியும்.

உயரமும் இருக்கிறது. என் பழைய டயரின் விட்டம் 705 மில்லிமீட்டர். இந்த 225/75 ஆர் 16இன் விட்டம் 744. முகப்பில் 90 என்று காட்டும்போது வண்டி 95இல் ஓடிக்கொண்டிருக்கும். கார்களுக்கு விரைவுச்சாலையின் உச்ச வேகமே 90 என்று இருக்கும் ஊரில் வேகக் கேமராவிடம் விட்டத்தைப் பற்றிப் பாடம் நடத்த முடியாது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் சக்கர வளைவின் உட்புற பிளாஸ்டிக்கில் உரசும் வாய்ப்பும் உண்டு. டயர் உடலைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் வாகனச் சோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இத்தனைக்கும் மேல் வண்டியின் அனுமதித்த எடை ஒரு கிலோகூடக் கூடாது. அது அச்சு, ஸ்பிரிங், பிரேக் ஆகியவற்றின் கணக்கு. டயரை மாற்றி அதை மாற்ற முடியாது. நானும் 115 என்ற எண்ணைப் பார்த்ததும் "இனி ஆறு மூட்டை ஏற்றலாம்" என்றுதான் முதலில் நினைத்தேன்.

டெலிக்காவை விட்டுவிட்டு ஹையேஸ் போன்ற சரக்கு வேன்களுக்கு வந்தால் நியாயம் வேறு. அவற்றில் தொழிற்சாலையிலேயே 195 ஆர் 15 சி போன்ற அளவுதான் வரும். அந்த சி என்ற எழுத்து வணிக வாகன டயர் என்பதைக் குறிக்கிறது, எட்டு ப்ளை பலம். நான்கு சக்கர இழுவையுள்ள சரக்கு வேன் வைத்திருப்பவர் படத்தில் அழகாக இருக்கும் கார் வகை முரட்டு டயரை மாட்டினால் அது நேரடியான ஆபத்து. சி வகையிலோ எல்டி வகையிலோதான் அவர் பூவைத் தேட வேண்டும், தொழிற்சாலை எண்ணுக்குக் கீழே ஒரு படிகூட இறங்கக்கூடாது. அவருக்கு விரைவுச்சாலையிலேயே 70தான் உச்ச வேகம் என்பதால் வேகக் குறி (டயர் தாங்கும் உச்ச வேகத்தைக் காட்டும் எழுத்து) ஒரு பொருட்டே இல்லை. சுமை எண்தான் எல்லாம். நண்பர் ஒருவர் குளிர்சாதனம் பழுதுபார்க்கும் தொழில் செய்கிறார். இரண்டு கம்பிரசரும் ஏணியும் கருவிப்பெட்டியும் எப்போதும் வேனில் இருக்கும். அவருக்கு நான் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: உங்கள் வேன் ஒருநாளும் காலியாக ஓடுவதில்லை, ஆகவே கனத்த டயர் உங்களைத் துள்ளவைக்காது, பயப்படாமல் வாங்குங்கள்.

என்னைப் போன்ற ஆள் ஏற்றும் வேனுக்கு சி வகையும் ஒரு வழியாகத் தோன்றியது. 215/70 ஆர் 16 சி, சுமை எண் 108, ஆயிரம் கிலோ. உயரம் 707 மில்லிமீட்டர், பழைய டயரோடு ஒட்டிப்போகிறது. ஆனால் இங்கும் அதே பொறி. அந்த ஆயிரம் கிலோ 65 பவுண்டில். 36 பவுண்டில் ஓட்டினால் 620 கிலோ வாக்கில்தான் தாங்கும். 98 எண் டயரின் 750ஐ எட்டவே 45 பவுண்டு வேண்டும். இரப்பர் வால்வையும் கவனிக்க வேண்டும். கார் ரிம்களில் அழுத்திச் செருகியிருக்கும் சாதாரண வால்வுக்கு 65 பவுண்டு உச்சம், அதற்கு மேல் காற்றடிக்கும் டயர்களுக்கு உலோக வால்வுதான் சரி. யாருமே சொல்லாத செய்தி இது. பத்து ப்ளை காட்டிய அங்கிளும் சொல்லவில்லை.

மிஞ்சியவை இரண்டு. ஒன்று, இப்போதுள்ள 18 அங்குல ரிம்மிலேயே அதே அளவில் எக்ஸ்எல் வகை அனைத்துத் தரை டயர். 225/55 ஆர் 18, சுமை எண் 102. இன்னொன்று, ரிம்மை 16 அங்குலத்துக்கு இறக்கி, 215/70 ஆர் 16 கார் வகை அனைத்துத் தரை டயர், சுமை எண் 100.

எக்ஸ்எல் என்றால் உடல் சற்று வலுவானது, 42 பவுண்டுவரை காற்றைப் பயன்படுத்திக்கொள்ளும். அந்த 42இல்தான் 850 கிலோ. 36இல் நிறுத்திவிட்டால் 750தான், பழைய டயரின் அதே கணக்கு, கூடுதலாகக் கொடுத்த காசு காற்றோடு போகும். ஆனால் சுமை ஏற்றும் நாளில் 40, 42 என்று கூட்டி, வெறும் நாளில் 36க்கு இறக்கும் பழக்கம் உள்ளவருக்கு இது நல்ல ஏற்பாடு. ரிம் மாற்றும் செலவு இல்லை. நெடுஞ்சாலையில் வண்டி அலையாது. ஜோகூர் பாருவுக்குத் தாண்டி மலேசிய நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டரில் போகும்போது இந்தக் குறுகிய பக்கவாட்டின் இறுக்கம் பிடித்திருக்கும்.

குறுகிய என்று சொல்லும்போதே அதன் குறையையும் சொல்லிவிட்டேன். ரிம்முக்கும் தரைக்கும் நடுவே 124 மில்லிமீட்டர் ரப்பர்தான். 16 அங்குலத்தில் அது 150. விரலிடை இடைவெளிதான் இந்த 26 மில்லிமீட்டர். ஆனால் செம்மண் பாதையில் மழைநீர் அரித்துத் துருத்தி நிற்கும் கல்லின்மேல் சக்கரம் ஏறும்போது, ரிம் வளைவதற்கும் வளையாமல் தப்பிப்பதற்கும் அந்த 26தான் வித்தியாசம். உயரமான பக்கவாட்டு கல்லைச் சுற்றி மடங்கிக்கொடுக்கிறது. அதனால் காற்றை 28க்கு இறக்க வேண்டிய கட்டாயமும் குறைகிறது. எனக்கு இந்தக் கடைசிக் காரணம்தான் பெரிதாகப் பட்டது, ஏனென்றால் நான் செய்த தவறின் வேரே காற்றை இறக்கியதில் இருந்தது.

இங்கே ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. என் தாத்தா சிகாமட் பக்கத்திலேயே ஒரு தோட்டத்தில் பால்வெட்டு வேலை பார்த்தவர். விடியுமுன் நெற்றி விளக்கோடு பால்மரங்களுக்கு நடுவே போனவர். அந்த மரங்களின் மூதாதைகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்துசேர்ந்த 22 நாற்றுகள். பிறகு தாவரவியல் பூங்காவை நடத்திய ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் மீன்முள் வடிவில் கீறிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். இன்றைக்கும் லாரி டயர்களிலும் கனத்த எல்டி டயர்களிலும் இயற்கை ரப்பரின் பங்கு கார் டயரைவிட அதிகம். சுமையில் மடங்கும்போது அது செயற்கை ரப்பரைவிடக் குறைவாகச் சூடேறும், எளிதில் கிழியாது. தாத்தாவின் தோட்டம் இப்போது செம்பனையாகிவிட்டது. எடைமேடை நிற்பதும் அங்கேதான்.

மழைக்கு வருகிறேன். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. டிசம்பர், சனவரியில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது விரைவுச்சாலையில் முன் வண்டியின் சிவப்பு விளக்கே மங்கலாகத் தெரியும். அனைத்துத் தரை டயரின் தடித்த பூக்கட்டிகள் சேற்றை வெட்டும். ஆனால் நனைந்த தாரில் பிரேக் பிடிக்கும்போது மெல்லிய கீறல்கள் நிறைந்த சாலை டயரைப் போலத் தரையைக் கவ்வாது. இதை எந்த விளம்பரமும் பெரிய எழுத்தில் போடாது. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் படம் போட்ட முத்திரை இருந்தால் எல்லாக் காலநிலைக்கும் நல்லது என்று ஒரு கடையில் சொன்னார்கள். அது பனித்தரையில் இழுவைச் சோதனை தேறியதற்கான முத்திரை. நம் சாலை நனைந்திருக்கும்போது எத்தனை மீட்டரில் வண்டி நிற்கும் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஐரோப்பிய ஒட்டுத்தாள் உள்ள டயராக இருந்தால் அதில் ஈரப்பிடிக்கு ஏ முதல் ஈ வரை ஒரு தரம் இருக்கும், அதைப் பாருங்கள். சுமை எண் சரியாக இருக்கும் இரண்டு டயர்களுக்கு நடுவே முடிவு செய்ய என் அளவுகோல் இதுதான், பூவின் ஆழம் அல்ல.

இந்தக் காரணத்தாலேயே, பூ மிதமாக இருக்கும் வகையைத்தான் தேடினேன். யோக்கோஹாமாவின் ஜியோலாண்டர், டோயோவின் ஓப்பன் கன்ட்ரி, ஃபால்கனின் வைல்ட்பீக் என்று எல்லா வரிசைகளிலும் மென்மையானதும் முரடானதும் உண்டு. ஒரே வரிசைப் பெயரில், ஒரே அளவில்கூட, கார் வகையும் எல்டி வகையும் தனித்தனியே வரும். பெயரைச் சொல்லிக் கேட்டால் கடையில் எது இருக்கிறதோ அது வரும். ஆகவே பெயரோடு சுமை எண்ணையும் சேர்த்துத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். டயர் வந்ததும் பக்கவாட்டில் குனிந்து படித்தேன். நான்கு இலக்கத் தேதியையும் பார்த்தேன்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். விலை மலிவு என்று ஜோகூர் பாருவில் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மலிவின் காரணம் சில நேரம் அந்த நான்கு இலக்கத்திலேயே இருக்கும்.

ரிம்மில்தான் கடைசியாக ஒரு அடி வாங்கப் பார்த்தேன். பழைய 16 அங்குல அலாய் ரிம் நான்கு, நல்ல கறுப்பு வண்ணம், துளைகள் பொருந்துகின்றன, விலையும் கைக்குள். பட்டறையில் ஒன்றை மாட்டிச் சுற்றிப் பார்த்தோம், பிரேக்குக்கும் இடிக்கவில்லை. பணத்தை எடுக்கப் போகும்போது பட்டறைத் தம்பி ரிம்மைக் கவிழ்த்து, ஆரத்தின் பின்புறத்தை எண்ணெய்த் துணியால் துடைத்தார். அழுக்குக்கு அடியிலிருந்து வார்ப்பெழுத்து வெளியே வந்தது: உச்சச் சுமை 690 கிலோ. எடைமேடையில் என் சக்கரம் ஒன்றின் சராசரியே 695. டயர் 800 தாங்கி என்ன, அது உட்கார்ந்திருக்கும் வளையம் 690க்கே கைவிரிக்கிறது. விற்கவந்தவர் "ஐந்து கிலோதானே" என்று சிரித்தார். குழியில் விழும்போது அந்த 695 நொடிப்பொழுதில் எத்தனை மடங்காகும் என்பதை அவரிடம் சொல்லி என்ன பயன்? வேறு ரிம் தேட இன்னும் இரண்டு வாரம் ஆனது. சுமை அச்சடித்த, ஜப்பானிய லைட் டிரக் தர முத்திரை உள்ள ரிம்களாகப் பார்த்து வாங்கினேன்.

நான்கு டயர்களையும் ஒன்றாகத்தான் மாற்றினேன். நான்கு சக்கர இழுவை வண்டியில் இரண்டு புதியது, இரண்டு தேய்ந்தது என்று மாட்டினால் விட்டங்கள் வேறுபடும். முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழலும். அந்த வேறுபாட்டை நடுவிலுள்ள இணைப்பு ஓயாமல் விழுங்கிச் சூடேறும். மாற்றுச் சக்கரம் முழு அளவில் இருப்பவர்கள் ஐந்தாக வாங்குவது நல்லது. வேகக் குறியும் தொழிற்சாலைக் குறிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டேன். அந்த வேகத்தில் யாரும் ஓட்டப்போவதில்லை, ஆனால் விபத்துக்குப் பிறகு காப்புறுதிக்காரரிடம் வாதாடும் நிலை வரக்கூடாது.

ஆக, 215/70 ஆர் 16, சுமை எண் 100. வெறும் 50 கிலோதான் கூடுதல். 850 தாங்கும் எக்ஸ்எல்லை விட்டுவிட்டு இதை எடுத்தது ஏன் என்று வீட்டில் மனைவியே கேட்டார். உண்மையான விடை டயர் கடையில் இல்லை. உரமூட்டைகளை இனி மாமாவின் அண்டைவீட்டுக்காரர் தம் ஹைலக்ஸில் எடுத்துவருகிறார். டுரியான் பருவத்தில் நாங்கள் அவருக்கு ஒருநாள் உழைப்பு கொடுத்துக் கடனைக் கழிக்கிறோம். கூரைப் பெட்டியை, கூடாரம் தேவைப்படும் பயணங்களுக்கு மட்டும் மாட்டுகிறேன். பெட்டியோடு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பல மாடிக் கார் நிறுத்தகத்துக்குள் நுழையும்போது உயரப் பலகையைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொள்ளும் தொல்லையும் போயிற்று. சுமையைக் குறைக்க முடியாதவராக நான் இருந்திருந்தால், வாரந்தோறும் எட்டுப் பேரும் மூட்டை முடிச்சுமாகப் போகிறவராக இருந்திருந்தால், எக்ஸ்எல் 102ஐத்தான் எடுத்திருப்பேன், கல்லில் ரிம் அடிபடும் என்ற அச்சத்தோடு சேர்த்து.

குறை இல்லாமல் இல்லை. 70க்கு மேல் ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கிறது. கடைசி இருக்கையில் உட்காரும் அம்மா அதைத் தேனீ என்கிறார். கார் நிறுத்தகத்தின் பூச்சுத் தரையில் திருப்பும்போது கீச்சிடுகிறது. முதல் மழையில் பிரேக் தூரம் நீண்டதை உணர்ந்தேன். அதனால் முன் வண்டியோடு இடைவெளியைக் கூட்டிக்கொண்டேன். தோட்டத்துப் பாதையில், இடப்பக்கம் வாய்க்கால் சரியும் அந்த வளைவில், முன்பு மூன்று முறை முயன்று ஏறிய மேட்டில் இப்போது 36 பவுண்டிலேயே ஒரே மூச்சில் ஏறுகிறது.

போன மாதம் மறுபடியும் எடைமேடையில் நிறுத்தினோம். ஐந்து பேர், மூட்டை இல்லை, பெட்டி இல்லை. பின் அச்சு 1,180. தம்பி இந்தமுறை சீட்டே எழுதிக் கொடுத்தார், செம்பனைக் குலைக்குக் கொடுப்பதுபோலத் தேதியும் நேரமும் போட்டு. அதன் பின்புறம் காற்றளவை எழுதி முகப்புப் பெட்டியில் வைத்திருக்கிறேன்: ஐந்து பேருக்கு 36, எட்டுப் பேருக்கு 38. மாமிக்கு இந்தமுறை சட்டி வேண்டாமாம், அம்மிக்கல் கேட்கிறார்.